பெயர்ப் பயில்வான்

பயில்வான்களில் பல வகை உண்டு. பாரம் தூக்குகிறவர், பல்லால் வண்டி இழுக்கிறவர், மார்பின் மேல் கல்லை வைத்து உடைக்கச் சொல்கிறவர். இவர்களால் உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நான் சொல்ல வந்த பயில்வான் வேறு இனம். அவர் தூக்குவது உங்கள் பெயரை. உங்களிடமிருந்தே அதை வாங்கி, உங்கள் கண் முன்னாலேயே தூக்கி, தலைக்கு மேல் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். நீங்கள் கைதட்ட வேண்டும். பெயரைக் கொடுத்தவரும் நீங்கள்தான், கைதட்ட வேண்டியவரும் நீங்கள்தான்!

அடுத்தவர் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகுவது நல்ல காரியம்தானே, அதில் என்ன குற்றம் கண்டாய் என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். வாருங்கள். நல்ல காரியம்தான். வேற்று மொழிக்காரர் ஒருவர் தன் பெயரைச் சொல்கிறார், புரியவில்லை, "மன்னிச்சுக்குங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்கிறீர்கள், சொல்கிறார், நீங்களும் சொல்லிப் பார்க்கிறீர்கள், முக்கால்வாசி வருகிறது, இருவரும் சிரித்துவிட்டு, வந்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். நீங்கள் மனிதர். உங்களோடு எனக்கு வழக்கே இல்லை.

பயில்வான் அந்த "வந்த விஷயத்துக்கு" மட்டும் போகமாட்டார். அவருக்குப் பெயர்தான் விஷயம். பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பது அவருக்கு ஓர் இடைஞ்சல். "பேருங்கறது வெறும் பேரில்லீங்க, ஒரு மனுஷனோட உயிர்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். "ஒருத்தர் பேரைத் தப்பாச் சொல்லிட்டா அன்னிக்கு எனக்குச் சாப்பாடே இறங்காது" என்பார். சாப்பாடு இறங்காத உடம்பா அது என்று நீங்கள் அவர் இடுப்புப் பட்டையைப் பார்த்தால், அது உங்கள் கண்ணின் குற்றம்.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லாப் பெயரும் அவருக்கு ஆகாது. சுலபமான பெயரில் என்ன பெருமை இருக்கிறது? இரண்டே எழுத்தில் உதட்டைத் தாண்டிவிடும் பெயர்க்காரர்களை அவர் "ஏம்மா", "தம்பி", "அந்த கண்ணாடி போட்டவரு" என்றே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிடுவார். நாக்கு சுளுக்கிக்கொள்கிற மாதிரி ஒரு பெயர் வாசலில் வந்து நின்றால் போதும், கையை மடித்துவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கிவிடுவார்.

எனக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டாமா? சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். சட்டைக் கையை ஏற்றிவிட்டு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறீர்களே, அதே இடம்தான். உங்களிடமிருந்து எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரத்தில் வைத்து எடுப்பவன் நான். இந்தியாவின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்து வேலை செய்கிற கூடம் அது. எங்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் திருநாக்கு.

திருநாக்குக்குக் கண்ணாடி அறை ஒன்று உண்டு. வெளியே நாங்கள் குழாய்களுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டிருக்க, உள்ளே அவர் வாயைக் குவிப்பதும் விரிப்பதும் நாக்கை மடிப்பதும் நீட்டுவதும் தெளிவாகத் தெரியும். முதன்முதலில் பார்க்கிற நோயாளிகள் அவருக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். போனில் பேர்களைப் பதிவுசெய்து வைத்திருப்பார். மதியம் சாப்பிடும்போது அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே மெல்லுவார். இதே மனிதர் தன் மனைவியை வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போன் அடித்தால் "ஆங், சொல்லு"; வேலையிடத்துக்கு நேரில் வந்து நின்றால் "இந்தா, இங்க எதுக்கு வந்த?" அவ்வளவுதான். எங்கள் கூடத்தைக் கூட்டித் துடைக்கிற அம்மா அவருக்கு "ஏம்மா". அந்த அம்மாவின் பெயர் குழந்தைகூடச் சொல்லக்கூடிய பெயர். அதனாலேயே அவருக்கு அது தெரியாது.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். ரத்தம் எடுக்கிற வேலை, ராத்திரி டூட்டி. கணவர் கப்பலில், வீட்டில் ஒரு சின்னப் பெண். பெயரைச் சொன்னார். நாலு அசை. நடுவில், வயிற்றிலிருந்து காற்றோடு கிளம்பி வரவேண்டிய ஓர் எழுத்து. கடைசியில் வாயும் மூக்கும் பாதிப் பாதி பங்கு போட்டுக்கொள்கிற ஓர் ஓசை. திருநாக்கின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணம் ஆனபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

"ஒரு நிமிஷம்மா. மறுபடி சொல்லுங்க. மெதுவா."

சொன்னார்.

"இன்னும் மெதுவா. துண்டு துண்டா."

துண்டு துண்டாகச் சொன்னார்.

"வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க. நாக்கு எங்க படுதுன்னு பார்க்கணும்."

வேலைக்கு வந்த முதல் நாளே அந்தப் பெண், கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து காட்டினார். பல் டாக்டரிடம் போனால்கூடத் திரை போட்டு மறைப்பார்கள். இங்கே என்ன திரை? திருநாக்கு குனிந்து பார்த்துவிட்டு, ஊசி போட்ட இடத்தில் வைக்கிற பஞ்சில் ஓர் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அந்தக் காற்று எழுத்து சரியாக வந்தால் பஞ்சு நகர வேண்டுமாம். நகராவிட்டால் எழுத்து பொய்யாம். அன்று பஞ்சு நகரவில்லை. "விடமாட்டேன். உங்க பேரைச் சரியாச் சொல்ற வரைக்கும் விடமாட்டேன்" என்று சபதம் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டாதவர்கள் இரண்டே பேர்: அந்தப் பெண், அப்புறம், இரண்டு கையிலும் ரத்தக் குழாய் தட்டு வைத்திருந்த நான்.

அன்றிலிருந்து பஞ்சு அவர் மேசையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

கொஞ்ச நாளில் ஆராய்ச்சியும் ஆரம்பமாயிற்று. ஒரு காலையில், டூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை வழிமறித்து, "உங்க பேரோட மூலத்தைத் தேடிப் பிடிச்சிட்டேன்மா. நீங்கதான் கடைசி எழுத்தை அமுக்கிடுறீங்க. அது அப்படி வராது" என்றார்.

"எங்க அம்மா அப்படித்தான் சார் கூப்பிடுவாங்க."

"அம்மா தப்பாச் சொல்லியிருக்கலாம்மா. படிச்சவங்களா?"

பெற்றவள் வைத்த பெயரைப் பெற்றவளே தப்பாகச் சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். "இருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "இருக்கலாம் சார்" என்பதைத் திருநாக்கு ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

இதற்கிடையில் இன்னொரு விஷயமும் நடந்தது. அதற்கு யாரும் கைதட்டவில்லை. அந்தப் பெண் தமிழ் பேச ஆரம்பித்தார். பஞ்சும் இல்லை, சபதமும் இல்லை. பயந்து நடுங்குகிற நோயாளிகளோடும், கூட்டுகிற அம்மாவோடும், பஸ் கண்டக்டரோடும் பேசிப் பேசியே பிடித்துக்கொண்டார். "கண்ணை மூடிக்குங்க, மூச்சை இழுங்க, ஆச்சு, முடிஞ்சே போச்சு" என்று அவர் சொல்லி முடிக்கும்போது ஊசி வெளியே வந்திருக்கும். ஊசி என்றாலே தரையில் உருளுகிற பிள்ளைகள்கூட அடுத்த தடவை வந்தால், "வலிக்காத அக்கா இருக்காங்களா?" என்று கேட்கும். பிறகு எங்கள் எல்லாருக்கும் அவர் வலிக்காத அக்காதான். கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்ப்பார். ஒரு மொழியையே முழுசாகக் கற்றுக்கொண்டவர் சும்மா இருக்கிறார். நாலே அசைக்கு முக்கிக்கொண்டிருக்கிறவருக்குக் கைதட்டல். நடக்கிற நியாயம் இதுதான்.

அக்காவின் பெண் ஒன்றாம் வகுப்பு. ராத்திரியில் அது கீழ் வீட்டு அம்மாவிடம் படுத்துக்கொள்ளும். அந்த அம்மா மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு மகன் ஊருக்குப் போகிறார் என்று சேதி வந்தது. அதே சமயம் எங்கள் கூடத்தில் ஒரு பெரியவர் ஓய்வு பெற, பகல் டூட்டியில் ஓர் இடம் காலியாயிற்று. யாரை அந்த இடத்தில் போடுவது என்று திருநாக்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும். மேலிடத்தில் மறுபேச்சு இருக்காது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? அக்கா கண்ணாடி அறைக்குள் போனார். கதவு திறந்திருந்தது, என் இயந்திரமும் நின்றிருந்தது. ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

"சார், ஒரு விஷயம் கேக்கணும்."

"அட, நீங்களே வந்துட்டீங்க! உக்காருங்க, உக்காருங்க. காலைலேர்ந்து பழகிட்டு இருக்கேன். கேளுங்க." பஞ்சை எடுத்தார். பெயரைச் சொன்னார். பஞ்சு நகரவில்லை. "எப்படி?"

"நல்லா இருந்துச்சு சார். அந்தப் பகல் டூட்டி..."

"இல்லம்மா, நீங்க மரியாதைக்குச் சொல்றீங்க. காத்து பத்தலை."

"சரியாத்தான் சார் இருந்துச்சு. என் குழந்தையைப் பார்த்துக்கிற அம்மா இந்த மாசக் கடைசில வீடு காலி பண்றாங்க. ராத்திரி அவ தனியா..."

"தனியா! ஆகா, எவ்வளவு சுத்தமாச் சொல்றீங்க! எங்க பேச்சு உங்களுக்கு வரும்போது, உங்க பேச்சு எனக்கு வராதா? இப்பப் பாருங்க." மறுபடி பஞ்சு. மறுபடி பெயர். இந்தத் தடவை காற்று வந்தது. கூடவே கொஞ்சம் எச்சிலும் வந்தது. அக்கா கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேறு யாராவதாக இருந்தால் மேசையைத் தட்டி, "யோவ், பேரை விடு, விஷயத்தைக் கேளு" என்றிருப்பார்கள். அக்கா புது இடத்தில் வேலை பார்க்கிறவர். பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவர். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறப்பதற்குள் பஞ்சு வந்துவிடும். கடைசியில் வாசலில் நின்றபடியே, மூச்சுவிடாமல், "சார் பகல் டூட்டிக்கு என் பேரைச் சொல்லிடுங்க சார் குழந்தைக்காகக் கேக்கறேன்" என்று ஒரே வீச்சில் சொல்லிவிட்டார். திருநாக்கு காதில் அது விழத்தான் விழுந்தது. "சொல்லிடலாம்மா, சொல்லிடலாம். உங்க பேரைச் சொல்றதுதானே எனக்கு இப்ப முழுநேர வேலையே!" என்று சிரித்தார். தன் நகைச்சுவையில் தானே மயங்கி மேசையில் ஒரு தட்டும் தட்டினார்.

இனி கவனமாகக் கேளுங்கள். உலகத்தில் அலட்சியக்காரர் செய்கிற தப்பு உண்டு, கெட்டவர் செய்கிற தப்பு உண்டு. இது பயில்வான் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

வெள்ளிக்கிழமை நான் கையெழுத்து வாங்க அவர் அறைக்குப் போயிருந்தேன். மேலிடத்திலிருந்து போன், ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் போல. குரல்கள் கலந்து கேட்டன. "பகல் டூட்டிக்கு யாரைப் போடலாம்? ஒரு பேர் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

திருநாக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். வாய் குவிந்தது. பஞ்சை ஓரக்கண்ணால் பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. நெற்றியில் வேர்வை. பிறகு, எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளைஞனின் பெயரைச் சொன்னார். இரண்டே எழுத்துப் பெயர். அவன் பகல் டூட்டி கேட்கவே இல்லை. காலையில் தூங்கி, மாலையில் பந்து விளையாடப் போகிறவன்; ராத்திரி டூட்டிதான் அவனுக்குச் சொர்க்கம்.

போனை வைத்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அக்கா கேட்டிருந்தாங்களே? குழந்தை தனியா இருக்கும்னு சொன்னாங்களே?"

திருநாக்கு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பாமரனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்கிற பார்வை.

"தெரியும்ப்பா. அவங்க பேர்தான் என் மனசுல இருந்துச்சு. ஆனா அந்தக் காத்து எழுத்து இன்னும் முழுசா கைக்கு வரலையே? அத்தனை பெரியவங்க கேட்டுட்டு இருக்கும்போது பேரைத் தப்பாச் சொல்லி அவங்களை அவமானப்படுத்தச் சொல்றியா? எனக்கு மனசு வரலப்பா."

கேட்டீர்களா? பெயரின் மேல் வைத்த மரியாதையால் அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டாராம்! இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "தப்பாச் சொன்னாலும் பரவால்ல சார், திரும்பப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன். "உனக்கு ஒரு பேரோட மதிப்பு தெரியல" என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் அசுர சாதகம் செய்திருக்கிறார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வரும்போதே நடையில் ஒரு துள்ளல். புது டூட்டி விவரத்தை எழுந்து நின்று அறிவித்தார். பகல் டூட்டி: "நம்ம தம்பி." தம்பிக்கே தூக்கிவாரிப் போட்டது. அடுத்து ராத்திரி டூட்டி. பேச்சை நிறுத்தினார். பையிலிருந்து பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பெயரைச் சொன்னார்.

சும்மா சொல்லக்கூடாது, அப்பழுக்கில்லாமல் வந்தது. காற்று கிளம்பியது, மூக்கு ஒலித்தது, பஞ்சு கையிலிருந்து பறந்து என் தட்டில் வந்து விழுந்தது. கூடமே கைதட்டியது. சபதத்தில் ஜெயித்த மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். நன்றிக்காகக் காத்திருந்தார். ஒரு பெயர்ப் பயில்வான் தன் வாழ்நாளெல்லாம் காத்திருப்பது அந்த ஒரு கணத்துக்குத்தான்.

அக்கா எழுந்தார். கைதட்டல் அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

"சார், என் பேரை நீங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுங்க. பாதியாக் கூப்பிடுங்க, தப்பாக் கூப்பிடுங்க, 'ஏய்'னுகூடக் கூப்பிடுங்க. பகல்ல கூப்பிடுங்க சார். இனி ராத்திரி என் குழந்தைகிட்ட யாரும் இல்ல."

தம்பி எழுந்து, "சார், நான் ராத்திரியே பார்த்துக்கறேன், அக்காவுக்குக் குடுத்துடுங்க" என்றான். நல்ல பையன். ஆனால் மேலிடத்துக்குப் பெயர் போயாயிற்று. போன பெயரை மாற்றினால் திருநாக்கின் சொல்லுக்கு என்ன மதிப்பு? அவர் முகம் மலர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, "பார்த்தீங்களா, எவ்வளவு அழகாத் தமிழ் பேசறாங்க!" என்றார். இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களோடு நான் இப்போது டீ குடிப்பதில்லை.

அக்கா அன்றே வேலையிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டார். சொன்னவுடன் போய்விட முடியாது. ஆள் கிடைக்கும்வரை இருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எங்கள் விதி. கீழ் வீட்டு அம்மா காலி செய்துகொண்டு போன பிறகும் சில நாள் ராத்திரி வேலைக்கு வந்தார். பிறகு போய்விட்டார். இப்போது ஊர்க்கோடியில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறார். பகலில் மட்டும் திறக்கிற இடம். அங்கே டாக்டர் அவர் பெயரில் இரண்டு அசையை விழுங்கிவிட்டு, மிச்சத்தையும் தப்பாகத்தான் கூப்பிடுகிறாராம். சாயங்காலம் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

திருநாக்கு இன்னும் எங்கள் கண்ணாடி அறையில்தான் இருக்கிறார். புதிதாக யார் வந்தாலும் அவர்களை உட்கார வைத்து அந்தப் பெயரைச் சொல்லிக்காட்டுவார். "இங்க ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க பேரை இந்தக் கட்டடத்துல சரியாச் சொல்ற ஒரே ஆள் நான்தான்." போன வாரம் வந்த பெண் வெகுளியாகக் கேட்டாள்: "அவங்க இப்ப எங்க சார்?" திருநாக்கு யோசித்தார். "எங்கயோ போயிட்டாங்க. ஏன் போனாங்கன்னு தெரியல. ஆனா பேரைப் பாருங்க, இன்னும் அப்படியே வருது!" என்றார். பஞ்சைத் தேடி எடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் இருக்கிற பயில்வான் ஞாபகத்துக்கு வந்திருப்பார். இதை அவருக்கு அனுப்பி வைக்கலாமா என்றுகூட யோசிப்பீர்கள். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நாலு அசை, நடுவில் காற்று, கடைசியில் மூக்கு என்று நான் சொன்னதும், அது என்ன பெயராக இருக்கும் என்று மனசுக்குள் ஒன்றிரண்டைப் போட்டுப் பார்த்தீர்களா இல்லையா? உதடுகூடக் கொஞ்சம் அசைந்திருக்கும். சரி, போகட்டும். கீழ் வீட்டு அம்மா போன பிறகும் அக்கா சில நாள் ராத்திரி வேலைக்கு வந்தார் என்று சொன்னேனே, அந்த ராத்திரிகளில் குழந்தை எங்கே படுத்தது என்று கேட்கத் தோன்றியதா?

அதைக் கேட்டவர் எங்கள் கூடத்தில் ஒருவர்தான். கூட்டுகிற அம்மா. அவர் வீட்டில்தான் படுத்தது. அக்காவின் பெயர் அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் வாயில் நுழையாது.

நீங்கள் கேட்கவில்லை, இல்லையா? பரவாயில்லை. எங்கள் கூடத்தில் பஞ்சு நிறைய இருக்கிறது. வந்து ஓர் உருண்டை எடுத்துக்கொண்டு போங்கள்.